சடையனைச் சாகவிடாதவர்கள்

அவனைப் பற்றி அதுவரை வந்த நான்கு படங்களிலும் கல்மலைச் சடையன் தூக்குக் கயிற்றிலிருந்து தப்பிவிட்டான். ஒன்றில் குதிரையேறிப் போனான். இன்னொன்றில் கப்பலேறிப் பினாங்கில் கடை வைத்தான். எல்லாம் விருப்பத்திரையின் வேலை. நாற்காலிகளின் தலைமாட்டில் இருந்த மனவுணரிகள், பார்ப்பவர்கள் உள்ளுக்குள் எதை வேண்டுகிறார்கள் என்று அறிந்து சொல்லும். பெரும்பாலோர் வேண்டியபடி அடுத்த காட்சியைத் திரை அப்போதே வரைந்துகொள்ளும். சடையன் சாகவேண்டும் என்று எந்த அரங்கமும் வேண்டியதில்லை.

ஐந்தாவது படத்தை எடுத்த அமலோற்பவத்துக்கு அதுதான் கவலை. பஞ்சத்தில் பண்ணையார்கள் பூட்டிவைத்த கிணறுகளை உடைத்து ஊருக்குத் தண்ணீர் விட்டவன் சடையன். அவனை ஒப்படைக்காவிட்டால் ஊரைக் கொளுத்துவோம் என்று துரைமார்கள் மிரட்டியபோது, தானே வந்து கைகளை நீட்டினான். அந்தச் சாவை எடுத்துவிட்டால் அவன் வெறும் சண்டைக்காரன்தான் என்பாள் அமலோற்பவம். அந்த ஒரு காட்சியை மட்டும் மாறாதபடி செய்துதரச் சொல்லி, விருப்பத்திரையை வடிவமைத்த தன் கல்லூரித் தோழி ஜீனத்திடம் கெஞ்சிப் பார்த்தாள். ஜீனத் மசியவில்லை.

படம் ஒரே நேரத்தில் இரண்டு அரங்குகளில் வெளியானது. ஒன்று ஆற்றுக்கு அக்கரையில், தண்ணீர் லாரிக்குக் குடங்கள் வரிசைகட்டும் பேட்டையில். மற்றது இக்கரையில், அடுக்குமாடிகளுக்கு நடுவில். இங்கே எல்லா வீட்டுக்கும் காவலாளுடன் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி உண்டு. அமலோற்பவத்தின் வீடும் இங்கேதான். அவள் இக்கரை அரங்கில் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

சடையன் முதல் கிணற்றை உடைத்தபோது கைத்தட்டல் அடங்கவே நேரமாயிற்று. மூன்றாவது கிணற்றடியில் அவன் தன் ஆட்களிடம், "தண்ணிய அடச்சு வச்சவன் எவனா இருந்தாலும் அவன் வாசல்ல நாம நிப்போம்" என்றான். அதற்கும் தட்டினார்கள்.

தூக்குமேடை வந்தது. அமலோற்பவம் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். குதிரை வரவில்லை, கப்பலும் வரவில்லை. சடையன் தலை குனிந்தான். அரங்கமே விம்மியது. அவளுக்கு நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை இறக்கிவைத்தாற்போல் இருந்தது. கண்ணைத் துடைத்தபடி வெளியேறியவர்கள் முகத்திலும் ஒரு தெளிவு.

மனவுணரிகளின் குறிப்புகள் வந்துசேரும் கணிப்பறையில் ஜீனத் காத்திருந்தாள்.

"எப்ப மனசு மாறினாங்க?" என்று கேட்டாள் அமலோற்பவம்.

"மூணாவது கிணத்துலயே. அவன் புடிபடணும்னு அங்கயே வேண்ட ஆரம்பிச்சுட்டாங்க. அழுகையெல்லாம் அவன் செத்தப்புறம்தான்."

"எல்லாருமா?"

"உன் நாற்காலியும் சேத்துதான், அமலா."

கதைக்காகத்தான் அவன் சாவை விரும்பினேன் என்றாள் அமலோற்பவம். ஜீனத் ஒப்பவில்லை. "ஆசையையும் பயத்தையும் மனவுணரி தனித்தனியாத்தான் குறிக்கும். உன்னுது பயம்" என்றாள்.

அப்போது அக்கரையிலிருந்து தகவல் வந்தது. அங்கே படம் இன்னும் முடியவில்லையாம். சடையன் பிடிபடவே இல்லை; கிணறு கிணறாக உடைத்துக்கொண்டு போகிறான், சனம் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது என்றார்கள். மூன்று வருஷம் பாடுபட்டு எடுத்த முடிவு அங்கே சிதைந்துகொண்டிருந்தது. ஆனால் அமலோற்பவத்துக்கு முதலில் வந்தது கோபமல்ல, நிம்மதி. நல்லவேளை, அவன் அக்கரையில் இருந்தான்.