பீன்ஸ் சட்டிக்கு அடியில் ஓர் அட்டிகை

என்னால் சும்மா உட்கார முடியாது. வகுப்பில் கணக்குப் போடும்போது தோள் தானாக ஆடும். மாதா கோயிலில் எல்லோரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது என் கால் தாளம் போடும். நானா ஆடச் சொல்கிறேன்? அதுவாக ஆடுகிறது!

"டெல்ஃபீனா, உடம்புல எறும்பு ஏறிடுச்சா?" என்று அம்மா ஒரு நாளைக்குப் பத்து முறையாவது கேட்பாள்.

அதனால்தான், எங்கள் ஊர் உலகக் கைவினைச் சந்தையில் ஒரு கடைக்கு என்னை உதவிக்குப் போட்டதும் அம்மா பயந்துபோனாள். அவளும் அங்கே தொண்டர்தான். வாசலில் டிக்கெட் கிழிக்கும் வேலை.

"எதையும் தொடாதே. எது மேலயும் இடிச்சுக்காதே. முக்கியமா, ஆடாதே! கை ரெண்டும் பாக்கெட்டுலயே இருக்கணும். புரியுதா?"

"புரியுதும்மா" என்றேன். அதற்குள் ஒரு தோள் ஆடிவிட்டது.

நியூ மெக்சிகோவில் ஜூலை மாதம் என்றால் எங்களுக்குச் சந்தை மாதம். பல நாடுகளிலிருந்து நகை செய்கிறவர்கள் வருவார்கள். வெள்ளைக் கூடாரங்களில் உட்கார்ந்து, தாங்கள் செய்ததைத் தாங்களே விற்பார்கள். இடைத்தரகர் யாரும் கிடையாது. செய்தவர் கையிலிருந்து நேராக வாங்குகிறவர் கைக்கு.

எனக்குக் கிடைத்தது நலேப்போ அக்காவின் கடை. அவர் கென்யாவின் மாசாய் இனத்தவர். நல்ல உயரம். ஒட்ட வெட்டிய தலை. தோளில் போர்த்திய துணிக்குள் பாதி மறைந்தபடி கழுத்தில் ஓர் அட்டிகை. மேசை முழுக்கப் பாசிமணி அட்டிகைகள். தட்டு அகலத்துக்கு வட்டமாக, சிவப்பும் நீலமும் வெள்ளையுமாக, ஓரத்தில் சின்னச் சின்னத் தகரத் தகடுகள் தொங்க, ஒவ்வொன்றும் அவ்வளவு அழகு!

ஆனால் அன்றைக்குக் காலையிலிருந்து ஒன்றுகூட விற்கவில்லை.

ஜனங்கள் வந்தார்கள். மேசைக்கு முன்னால் நின்றார்கள். "அடடா, எவ்வளவு உழைப்பு!" என்றார்கள். அடுத்த கூடாரத்துக்குப் போய்விட்டார்கள்.

நலேப்போ அக்கா என்னை மெதுவாகக் கூப்பிட்டார்.

"இவங்க எல்லாரும் ஏன் கையைப் பின்னாடி கட்டிக்கிட்டே வராங்க? போலீஸ் பிடிச்சிடுச்சா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேசைமேல் இருந்த பலகையைக் காட்டினேன். 'தயவுசெய்து தொடாதீர்கள்' என்று எழுதியிருந்தது. சந்தைக் குழுத் தலைவி திருமதி விட்கோம்ப் எல்லாக் கடையிலும் அப்படி ஒன்றை வைத்திருந்தார். யார் பொருளும் கெட்டுவிடக் கூடாதே என்ற நல்ல எண்ணம்தான்.

"எங்க ஊர்ல தொடாம பாக்கறதுதான்க்கா மரியாதை."

"நல்ல மரியாதை! எங்க ஊர்ல ஒரு ஆட்டுக்குட்டி வாங்கணும்னாகூட தடவிப் பாத்துத்தான் வாங்குவோம்."

அந்த நேரம் பார்த்து கழுத்தில் டை கட்டிய ஒருவர் வந்தார். பெயர் கார்வர். பல ஊர்களில் கடை வைத்திருப்பவராம். அவருக்குப் பலகை ஒரு பொருட்டே இல்லை. ஓர் அட்டிகையைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிரமாதம்மா! இதை என் எல்லாக் கடையிலயும் வெக்கலாம். வருஷம் முழுக்க ஆர்டர் தரேன். ஆனா இந்தத் தொங்கற தகடெல்லாம் எடுத்துடுங்க. நடு ஓட்டையை அடைச்சுடுங்க. கொஞ்சம் தடிமனா வேணும்."

"தடிமனா எதுக்கு?" என்றார் நலேப்போ அக்கா.

"சூடு தாங்கணுமே! அடுப்புலேர்ந்து சட்டியை இறக்கி வெக்க இதைவிட அழகான பிரிமணை கிடைக்குமா? யோசிங்க. சந்தை மூடறதுக்குள்ள வந்து பதில் கேட்டுக்கறேன்."

அவர் போய்விட்டார். நலேப்போ அக்கா அந்த அட்டிகையை எடுத்துத் தகடுகளை நேராக்கி வைத்தார்.

"சட்டியா?" என்றார். "எங்க ஊர்ல கல்யாணப் பொண்ணு கழுத்துல போடறதும்மா இது."

"அப்போ முடியாதுன்னு சொல்லிடுங்கக்கா!"

"எப்படிச் சொல்ல? எங்க ஊர்ப் பொண்ணுங்க எல்லாரும் வேல மரத்தடியில உக்காந்து கண்ணு வலிக்க வலிக்கக் கோத்தது. வித்துட்டு வான்னு பாட்டுப் பாடி என்னை வழியனுப்பினாங்க. எல்லாத்தையும் அப்படியே திருப்பிக் கொண்டுபோனா அவங்க முகத்துல எப்படி முழிக்கறது? அந்த மனுஷன் சொன்னதுக்குத் தலையாட்டினா எல்லாருக்கும் வேலை நிச்சயம். ஆனா கடைசி வரைக்கும் பிரிமணைதான்."

அவர் மேசையில் இருந்த அட்டிகைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

"நேத்து சாயங்காலம் ஒரே ஒரு அம்மா வாங்கினாங்க" என்றார். "சிவப்பு அட்டிகை, ஓரத்துல வெள்ளை. நானே கோத்தது. அந்த ஒரு கழுத்துலயாவது இந்நேரம் அது ஏறியிருக்கும்."

சிவப்பு. ஓரத்தில் வெள்ளை. அது எங்கே இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் இருக்கிறது. அதன் மேல் பீன்ஸ் சட்டி இருக்கிறது! "கைவேலைக்காரங்களுக்கு நம்மளால ஆன உதவி" என்று சொல்லி அம்மாதான் பெருமையாக வாங்கி வந்தாள்.

சொல்லலாமா? சொன்னால் அக்காவின் மனம் நொந்துபோகும். சொல்லாவிட்டால் அவர் அந்த ஒரு கழுத்தையே நினைத்துக்கொண்டு இருப்பார். அது அதைவிடப் பாவமாகத் தோன்றியது.

"அக்கா, அந்த அம்மா எங்க அம்மாதான்."

"அப்படியா! போட்டுக்கிட்டாங்களா? எப்படி இருக்காங்க?"

"அம்மா போட்டுக்கல. பீன்ஸ் சட்டி போட்டுக்கிட்டிருக்கு."

நலேப்போ அக்கா என்னையே பார்த்தார். போச்சு, அழப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவருடைய உதடு துடித்தது. பிறகு பாருங்கள், ஒரு சிரிப்பு! வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "சட்டிக்குக் கல்யாணம்! சட்டிக்குக் கல்யாணம்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அப்போதுதான் அதைக் கவனித்தேன்.

போர்த்திய துணி நழுவ, அவர் கழுத்தில் இருந்த அட்டிகை எழும்பி எழும்பி விழுந்தது. தகடுகள் ஒன்றோடொன்று உரசி, ஜல் ஜல் என்று சத்தம் போட்டன.

"அக்கா! இன்னொரு தடவை சிரிங்க!"

"எதுக்கு?"

"உங்க கழுத்துல இருக்கறது முழிச்சிக்கிட்டிருக்கு. மேசை மேல இருக்கறதெல்லாம் படுத்துத் தூங்குது. தூங்கற நகையைப் பாத்தா பிரிமணை மாதிரிதானே இருக்கும்? எனக்கு ஒண்ணு போட்டு விடுங்கக்கா."

"பலகை?"

"அது எங்களுக்குத்தான். கடை உங்களுது. நீங்க சொன்னா தொடலாம்."

அக்கா ஒரு நொடி யோசித்தார். பலகையை எடுத்துக் குப்புறக் கவிழ்த்தார். நீல அட்டிகை ஒன்றை என் கழுத்தில் வைத்துப் பின்னால் முடிச்சுப் போட்டார்.

"கழுத்தை ஆட்டாதே. தோளை மட்டும் மேல தூக்கி, பட்டுனு விடு."

விட்டேன். அட்டிகை எழும்பி என் முகவாயில் இடித்தது.

"ஆ!"

எதிர்க் கூடாரத்திலிருந்து ஒரு சிரிப்பு. நைஜர் நாட்டு வெள்ளி ஆசாரி அல்ஹசன் மாமா, சின்னப் பட்டறைக் கல்லில் மோதிரம் ஒன்றைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"தாளம் இல்லாம ஆடினா தாடைதான் பேரும்! இந்தா, இதைப் பிடிச்சுக்கோ."

டக். டக் டக். டக். டக் டக்.

தாளத்தைக் கேட்ட பிறகு என் தோள் எனக்காகக் காத்திருக்குமா? வகுப்பில் எத்தனையோ நாள் அடக்கி வைத்த தோள் ஆயிற்றே! மேலே, கீழே. மேலே, கீழே. ஜல். ஜல்.

"அதேதான்! அதேதான்!" என்று நலேப்போ அக்கா கைதட்டினார். அவரும் ஆடினார். ஆடிக்கொண்டே ஏதோ பாடினார். நானும் புரியாமலே கூடப் பாடினேன்.

அந்த நேரம் பார்த்து வானம் இருண்டது. மதியமானால் எங்கள் ஊரில் ஒரு மழை உண்டு. சொல்லி வைத்த மாதிரி அடித்துக்கொண்டு வந்தது. வெளியே நடந்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் தொப்பியைப் பிடித்துக்கொண்டு கிடைத்த கூடாரத்துக்குள் ஓடினார்கள். எங்கள் கூடாரத்தில் எள் போட்டால் எள் விழாது!

வந்தவர்கள் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். வேறு எங்கே பார்ப்பது?

"அட, அது கழுத்துல போடறதா?" என்றாள் ஒரு பெண்.

"நான் சுவர்ல மாட்டறதுன்னு நெனச்சேன்" என்றார் பக்கத்தில் நின்றவர்.

"நான் காபிக் கோப்பை வெக்கறதுன்னு நெனச்சேன்" என்றார் ஒரு தாத்தா. கூடாரமே சிரித்தது.

"போட்டுப் பாக்கலாமா?" என்று அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"இதுக்குத்தானே நான் கடல் தாண்டி வந்திருக்கேன்!" என்றார் நலேப்போ அக்கா. "தொடுங்க. எடுங்க. போட்டு ஆடுங்க!"

பின்னால் கட்டியிருந்த கைகள் எல்லாம் முன்னால் வந்தன. நான் முடிச்சுப் போடப் போட, அக்கா தோள் ஆட்டச் சொல்லிக் கொடுத்தார். அல்ஹசன் மாமாவின் சுத்தியல் நிற்கவே இல்லை. மழைச் சத்தத்தையும் மீறிக் கூடாரம் முழுக்க ஒரே ஜல் ஜல்!

திடீரென்று ஒரு குரல்.

"பலகை எங்கே?"

நனைந்த குடையோடு திருமதி விட்கோம்ப் நின்றார். அவ்வளவுதான். எல்லாக் கையும் மறுபடி முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. சுத்தியலும் நின்றது.

நான் முன்னால் போய் நின்றேன்.

"நான்தான் அக்காகிட்ட சொன்னேன். தொட்டாத்தான் மேடம் இது என்னன்னே தெரியுது. தொடாம பாத்தவங்க எல்லாரும் இதைப் பிரிமணைன்னு நெனச்சுட்டாங்க. எங்க அம்மாவும்தான்."

"பிரிமணையா?" என்றார் திருமதி விட்கோம்ப். ஏனோ அவர் முகம் சிவந்தது. "நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்று மெல்லச் சொன்னார்.

நலேப்போ அக்கா இருப்பதிலேயே பெரிய அட்டிகையை எடுத்து அவர் கழுத்தில் கட்டினார். திருமதி விட்கோம்ப் விறைப்பாக நின்றார். ஒரு தோளை லேசாகத் தூக்கினார்.

ஜல்.

"ஐயய்யோ!" என்றார். மறுபடி தூக்கினார். ஜல் ஜல். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

"இதை நான் கழட்டப் போறதில்ல. எவ்வளவுன்னு சொல்லுங்க" என்றார். கவிழ்த்து வைத்த பலகையைக் கையில் எடுத்தார். "மத்தக் கடைப் பலகையையும் போய் எடுத்துட்டு வரேன்" என்று மழையிலேயே கிளம்பிப் போனார். அவர் எந்தக் கூடாரத்தில் இருக்கிறார் என்று ஜல் ஜல் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்க முடிந்தது.

மழை நின்றது. ஆனால் கூட்டம் நிற்கவில்லை. வெளியே போனவர்களின் கழுத்தைப் பார்த்துவிட்டு, "இது எங்கே கிடைக்குது?" என்று கேட்டுக் கேட்டு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

சந்தை மூடும் நேரம் கார்வர் வந்தார். மேசையில் ஒரே ஓர் அட்டிகைதான் மிச்சம். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார்.

"மத்ததெல்லாம் எங்கம்மா?"

"ஊர்க் கழுத்துல."

"சரி, என் பிரிமணைக்கு என்ன பதில்?"

"சொல்றேன். முதல்ல குனிங்க."

குனிந்தார். அக்கா அந்தக் கடைசி அட்டிகையை அவருடைய டைக்கு மேலேயே கட்டிவிட்டார். "தோளைத் தூக்குங்க. இப்ப விடுங்க." ஜல்! சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். கார்வருக்குக் காது வரை சிவந்தது. ஆனால் தோள் மறுபடி எழும்பியது. ஒரு முறை ஆட ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம். எனக்குத் தெரியாதா?

"இப்ப சொல்லுங்க" என்றார் நலேப்போ அக்கா. "சட்டியை எங்க வெக்கணும்?"

"எங்கயும் வெக்க வேண்டாம்மா!" என்று கும்பிடாத குறையாகச் சொன்னார் அவர். "இதையே, இப்படியே செஞ்சு குடுங்க. ஒரு தகடுகூடக் குறையக் கூடாது. வருஷம் முழுக்க."

"ஒரு நிபந்தனை. உங்க கடையில இதைப் படுக்க வெக்கக் கூடாது. யாராவது போட்டுக்கிட்டு ஆடணும்."

"யாரு ஆடறது?" என்று என்னைப் பார்த்தார்.

"எனக்குப் பள்ளிக்கூடம் இருக்கு சார். நீங்களே நல்லா ஆடறீங்க!" என்றேன்.

நலேப்போ அக்கா என்னை அப்படியே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். "பாட்டுப் பாடி அனுப்பினவங்ககிட்ட நானும் பாட்டுப் பாடிக்கிட்டே போவேன்!" என்று கத்தினார். எனக்குச் சந்தோஷத்தில் தலை கிறுகிறுத்தது.

கீழே இறங்கியபோது கூடார வாசலில் அம்மா நின்றாள். திருமதி விட்கோம்ப் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. நடுவில் வீட்டுக்கு ஓடிப்போய் வந்திருக்கிறாள். கழுத்தில் சிவப்பு அட்டிகை. ஓரத்தில் வெள்ளை. ஒரு பக்கம் மட்டும் சட்டியின் பழுப்புக் கறை.

நலேப்போ அக்கா அவளருகே போய் முடிச்சைச் சரிசெய்தார். மூக்கைச் சுருக்கி முகர்ந்தார்.

"பீன்ஸா?"

"பச்சை மிளகாய் போட்டது" என்றாள் அம்மா, தலையைக் குனிந்துகொண்டே. "மன்னிச்சுக்கோங்க."

"நல்லாச் சமைப்பீங்கன்னு வாசனையே சொல்லுது" என்றார் அக்கா. "எங்க, தோளைத் தூக்குங்க பாப்போம்."

அம்மாவும் முதல் தடவை முகவாயில் இடித்துக்கொண்டாள். எதிர்க் கூடாரத்தில் அல்ஹசன் மாமா மூட்டை கட்டிய சுத்தியலை மறுபடி வெளியே எடுத்தார்.

அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"டெல்ஃபீனா, என்ன மரம் மாதிரி நிக்கறே? ஆடு!"

அம்மா வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை. விடுவேனா?