உப்புத் தண்ணீர்க் கொலை

"ஐயோ... செத்துப் போச்சு!"

கிரிதரன் போட்ட அலறலில் கிள்ளானில் இருந்த அந்த ஆய்வுக்கூடமே அதிர்ந்தது.

கூண்டுக்குள் பிணம். நாலு காலும் மேலே!

எலிதான். ஆனால் சாக வேண்டிய எலி அல்ல!

பப்பாளிக் காயில் எடுக்கிற பாப்பைன் என்ற என்சைம், ஆட்டுக்கறியை மட்டுமல்ல, நுரையீரலையும் பஞ்சாக்கிவிடும். அதை இடது கூண்டு எலிகளின் மூச்சுக்குழாயில் விட்டு, நோயை வரவழைத்துப் படிப்பதுதான் கிரிதரனின் ஆராய்ச்சி. ஒப்பிட்டுப் பார்க்க, வலது கூண்டுக்கு வெறும் உப்புத் தண்ணீர். கொடுத்து மூன்று வாரம் ஆகிறது.

செத்தது வலது கூண்டில். மீதி ஐந்தும் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கின. இடது கூண்டிலோ ஆறும் சக்கரத்தில் குஷியாக ஓடிக்கொண்டிருந்தன!

இரண்டு மணிக்கு மேற்பார்வையாளர் டாக்டர் ஜெயமாலா வருவார். அவர் கையெழுத்துப் போடாவிட்டால் கிரிதரனின் மூன்று வருட முனைவர் படிப்பு குப்பைத்தொட்டியில்.

மணி ஒன்று.

'இது கொலை!' என்று முடிவு கட்டினான். தனக்குத் துப்பறியும் மூளை உண்டு என்பது அவனுடைய வெகுநாள் நம்பிக்கை. வீட்டுச் சாவியைத் தினமும் தேடுகிற அதே மூளைதான்.

முதல் சந்தேகம், பக்கத்து மேசை விமலன் மேல். போன் போட்டான்.

"டேய்! பாட்டில மாத்தினது நீதானே?"

"என்ன பாட்டில் லா? நான் பிரிக்பீல்ட்ஸ்ல வாழையிலை சாப்பாடு சாப்பிட்டுட்டு இருக்கேன்!"

"மூணு வாரம் முன்னாடி எங்க இருந்த?"

"ஹாஸ்பிட்டல்ல! அப்பென்டிக்ஸ். நீதானே ஆரஞ்சு வாங்கிட்டு வந்து, நீயே உரிச்சுத் தின்ன?"

கிரிதரன் போனை வைத்தான். சாட்சி அவனேதான்.

அடுத்து வாணி அக்கா. எலிகளுக்கு மருந்து செலுத்துகிற லேப் டெக்னீஷியன்.

"அக்கா, உண்மையச் சொல்லுங்க... எதுக்கு என்ன குடுத்தீங்க?"

"நீங்க சொன்னதுதான் தம்பி. வலது கூண்டுக்கு உப்புத் தண்ணி."

"எந்த பாட்டில்?"

அக்கா ஃப்ரிட்ஜைத் திறந்து எடுத்துக் காட்டினார். ஈரத்தில் லேபிள் அழிந்து, மேலே ஒரே ஓர் எழுத்து மிஞ்சியிருந்தது.

உ.

"'உ'ன்னா உப்புத் தண்ணிதானே? இன்னொரு பாட்டில இடது கூண்டுக்குக் குடுத்தேன்."

கிரிதரனுக்குக் குப்பென்று வேர்த்தது.

"அக்கா... அது பிள்ளையார் சுழி!"

பக்தியோடு சுழியை மார்க்கரில் போட்டவன், கீழே பாப்பைன் என்பதைச் சாதாரணப் பேனாவில் எழுதியிருந்தான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். கிரிதரனுக்கு எலியாய் முடிந்தது!

கதவு திறந்தது.

டாக்டர் ஜெயமாலா!

அழாக்குறையாக எல்லாவற்றையும் சொன்னான். பொய் சொல்லலாம்தான். அதற்கும் மூளை வேண்டுமே!

ஜெயமாலா பான்ட்ரியிலிருந்து கொஞ்சம் பால் வரவழைத்தார். அந்த 'உ' பாட்டிலிலிருந்து அதில் சில சொட்டு விட்டார்.

பால் திரிந்தது!

"என்சைமேதான். கூண்டுதான் மாறியிருக்கு, ரிசல்ட் கரெக்ட். நடந்த தப்பை மறைக்காம ரிப்போர்ட்ல எழுதுங்க. நான் சைன் பண்றேன்."

கிரிதரன் அழுதேவிட்டான்.

"ஆனா கிரி... பிள்ளையார் பேரைச் சொல்லி அவரோட வாகனத்தையே கொன்ன முதல் ஆள் நீங்கதான்!"

"இனிமே சாமி பேர்லயே ஆரம்பிக்க மாட்டேன் டாக்டர்!"

"ஏன்? முருகன் பேர்ல ஆரம்பிங்க. நம்ம லேப்ல மயில் கிடையாது!"