ஆள் ஏறின பிறகு

மருத்துவமனைக்குப் போய்வந்த அன்று அண்ணனின் காலுறையில் ரத்தம் இருந்தது.

முதலில் பார்த்தது குண்டூசிதான். அவளுக்குப் பத்து வயது. ஒல்லியாக இருப்பதால் அண்ணன் வைத்த பெயர் அது. காலுறையை மெல்லக் கழற்றினாள். குதிகாலில் தோல் உரிந்திருந்தது. அண்ணன் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தான். அவனுக்கு வலிக்கவில்லை. இடுப்புக்குக் கீழே அவனுக்கு எதுவும் தெரியாது.

சென்ற ஆண்டு அப்பாவோடு கொத்து வேலைக்குப் போனவன் சாரத்திலிருந்து விழுந்தான். அப்போதிருந்து வாராவாரம் மருத்துவமனையில் பயிற்சி. பயிற்சியை விட்டால் கால்கள் மடங்கி இறுகிவிடும், பிறகு நாற்காலியில் உட்காரவும் முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அவனைக் கூட்டிப்போக அப்பா ஒரு பழைய எஸ்யூவி வாங்கினார். பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டு மெத்தை போட்டார். அண்ணன் முன்பக்கம் தலை வைத்துப் படுப்பான். ஆனால் வண்டியின் மூக்கு தாழ்ந்திருந்தது. பிரேக் போடும்போதெல்லாம் அவன் சறுக்கிப் போய் முன்சீட்டில் தலையை இடித்துக்கொள்வான்.

ஸ்பிரிங்குகளை மாற்ற வசதியில்லை. முன் ஸ்பிரிங்குகளின் மேல் வளையம் வைத்தால் மூக்கு நிமிரும், செலவும் குறைவு என்றார் பக்கத்துத் தெரு மெக்கானிக். அவரை எல்லோரும் தாடி என்பார்கள். தாடியை எடுத்து வெகுநாளாகிறது. பெயரை எடுக்க முடியவில்லை. அவர் வாங்கிவந்த பெட்டியில் தடித்த வளையம் ஒரு ஜோடியும் மெல்லிய வளையம் ஒரு ஜோடியும் இருந்தன.

வண்டியைக் காலி செய்துவிட்டு வேலையைத் தொடங்கினார்கள். சுவர் கட்டும்போது வைத்துப் பார்க்கும் ரசமட்டத்தை அப்பா வண்டித் தரையில் வைத்தார். தடித்த வளையம் போட்டதும், கண்ணாடிக் குழாயில் இருந்த குமிழி நகர்ந்து சரியாக நடுவில் நின்றது. அண்ணன் விழுந்த பிறகு அப்பா சிரித்தது அன்றுதான்.

அந்த வண்டியில் போய்வந்துதான் இந்த ரத்தம். இந்த முறை அண்ணன் பின்பக்கமாகச் சறுக்கியிருக்கிறான். வழியெல்லாம் கால் பின்கதவில் உரசியிருக்கிறது. போர்வைக்கு அடியில் நடந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

அம்மா மருந்து போட்டுக் கட்டினார். அப்பா வாசலோடு நின்றுவிட்டார்.

"அன்னைக்குத் தலை. இன்னைக்குக் கால். அடுத்தது எதுன்னு பார்க்க எனக்கு ஆசையில்ல," என்றான் அண்ணன். "இனிமே நான் வரல."



மறுநாள் காலையில் குண்டூசி வண்டியில் ஏறி மெத்தையில் படுத்தாள். சறுக்கவில்லை. மெத்தையை விலக்கி ரசமட்டத்தை வைத்துப் பார்த்தாள். குமிழி நடுவிலேயே இருந்தது.

பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, அண்ணன் பக்கத்தில் உட்காரும் இடத்தில் உட்காரச் சொன்னாள். வண்டியின் பின்பக்கம் தாழ, குமிழி முன்பக்கமாக நகர்ந்தது. சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து, இருவருமாகத் தூக்கி ஏற்றினார்கள். இன்னும் நகர்ந்தது.

அவள் அப்பாவிடம் ஓடினாள். அப்பா தலையைக்கூடத் தூக்கவில்லை. தானே வைத்துப் பார்த்ததாகவும் வண்டி மட்டமாகத்தான் இருக்கிறது என்றும் சொன்னார்.

"காலி வண்டி மட்டம்தாம்பா," என்றாள் குண்டூசி. "அதுல அண்ணன் இல்லையே."

அப்பா எழுந்து வந்தார்.

தாடியும் வந்தார். அண்ணன் இடத்தில் அப்பா படுக்க வேண்டும் என்றாள் குண்டூசி. அப்பா தயங்கினார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தார்.

"காலை ஊனக்கூடாதுப்பா. அண்ணனால ஊன முடியாது."

அப்பா காலைத் தளர்த்தினார். அம்மாவும் நாற்காலியும் உள்ளேயே இருக்க, தாடி வண்டியை எடுத்தார். மேடு பள்ளமான தெரு. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அப்பா கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போனார். தெருமுனை வருவதற்குள் அவர் குதிகால் கதவில் போய் முட்டியது. அவர் காலை இழுக்கவில்லை. திரும்பி வரும்வரை அப்படியே கிடந்தார்.

தாடி இறங்கிவந்து பின்கதவைத் திறந்தார். அப்பா எழுந்திருக்கவில்லை. ஒரு கையால் கண்ணை மூடியிருந்தார். அம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் போட்ட தரை எதுவும் ஆள் ஏறினா இறங்கினதில்ல," என்றார் அப்பா.

"வண்டிக்கு ஸ்பிரிங் இருக்குல்ல, கொத்தனாரே," என்றார் தாடி. "எனக்காவது தோணியிருக்கணும். இவளுக்குத் தோணியிருக்கு பாருங்க."

"மெல்லிசு வளையத்தைப் போடு," என்றார் அப்பா.

எல்லோரும் இறங்கினார்கள். தாடி தடித்த வளையங்களைக் கழற்றி மெல்லியதைப் போட்டார். பிறகு எல்லோரும் ஏறி அவரவர் இடத்தில் இருந்தார்கள். நாற்காலியும் ஏறியது. குமிழி மயிரிழை தள்ளி நின்றது. அது போதும் என்றார் அப்பா.

ஆள் இறங்கியதும் வண்டி மறுபடி மூக்கைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டது. தெருவில் போன ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, வேலை சரியில்லையே என்றார். இருக்கட்டும் என்றார் அப்பா.

குண்டூசி அண்ணனிடம் போய் உட்கார்ந்தாள்.

"உன் இடத்துல அப்பா படுத்துப் பார்த்தார்."

"எதுக்கு?"

"நான்தான் படுக்கச் சொன்னேன்."

அண்ணன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினான். "என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. வளையத்தை மாத்தச் சொன்னார்."

அண்ணன் முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தான்.

"ஒரு தடவை," என்றான். "ஒரே ஒரு தடவை வரேன். சரியில்லன்னா உன்னை மெத்தையில குத்தி வச்சிட்டு வந்துடுவேன்."

அடுத்த முறை குண்டூசி அண்ணனின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். போர்வையை விலக்கி வைத்து, வழி நெடுகக் கதவையும் காலையும் பார்த்துக்கொண்டே போனாள். இரண்டுக்கும் நடுவே அவள் கை நுழையும் இடைவெளி அப்படியே இருந்தது.

மருத்துவமனை வந்தது. அப்பா பின்கதவைத் திறந்தார். உள்ளிருந்து நர்ஸ் வந்து, ஏன் இன்னும் இறக்கவில்லை என்று கேட்டார்.

"கொஞ்சம் இருங்கம்மா," என்றார் அப்பா, குரலைத் தாழ்த்தி. "தூங்குறான்."