வென்றவனின் முகம்

1959. ஞாயிறு காலை 9.20. தேவாலயப் பூசை முடிந்து வந்தவர்கள் முல்லைத்தீவு வாசிகசாலைக் கதவைத் திறந்ததும் தார் நாற்றம் முகத்தில் அடித்தது. நாயாற்று நீச்சல் போட்டியில் வென்று நாடறிந்தவனாகிவிட்ட யோசெப்பை வரைந்த புதுப் படம் நாசமாகிக் கிடந்தது. முகத்தில் தார்த் துளிகள் தெறித்திருந்தன. தூக்கிய வலக்கை இருந்த இடத்தில் தடித்த கறுப்பு மட்டுமே மிஞ்சியிருந்தது.

10.05. சப்-இன்ஸ்பெக்டர் கனகலிங்கம் வருவதற்குள் ஊர் தீர்ப்பே சொல்லிவிட்டது. குற்றவாளி மத்தேயு. போட்டியில் இரண்டாவதாக வந்தவன். சனிக்கிழமை படத் திறப்பு விழாவில் எல்லார் முன்னும், "இது வெண்டவன்ர முகமோ? பேயடிச்ச முகம்" என்று சிரித்தவன். பூசை நேரத்தில் தோணிக்குத் தார் பூசிக்கொண்டிருந்தவன். வழக்கு விழுந்தால் அடுத்த மாதக் கொழும்புப் போட்டி அவனுக்கு இல்லை. தவளை தன் வாயால் கெட்டது என்று கனகலிங்கத்துக்கு அவன்மேல் இரக்கம் வந்தது.

படத்தைத் தூரிகையால் கீறியவர் சித்திர ஆசிரியை கமலாசனி. ஒட்டுசுட்டானில் வயல் செய்யும் குடியேற்றக் குடும்பத்தவர். மூக்கும் முழியும் அச்சொட்டாக வரைகிற பழக்கம் அவரிடம் இல்லை. யோசெப்பின் முகம் பச்சை, வாய் ஒரே சிவப்பு இழுப்பு.

"ஏன் ரீச்சர் அப்பிடி ஒரு முகம்?" என்று கேட்டார் கனகலிங்கம்.

"எனக்குப் பயந்த முகமாத்தான் தெரிஞ்சுது, ஐயா."

"எங்க நிண்டு பாத்தனீங்கள்?"

"மறுகரையில, தனிய. நடுவர்மார் நிண்ட கரைக்கும் யோசெப்புக்கும் நடுவில, நீந்திறவையோட கூடப் போற காவல் வள்ளம் மறைச்சுப் போச்சுது. எனக்குத்தான் அவரை வடிவாத் தெரிஞ்சுது. அங்கயே கொப்பியில கீறினனான்."

வென்றவன் ஏன் பயந்தான்? கனகலிங்கம் படத்தின் முன் வெகுநேரம் நின்றார். பிறகு எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்: "படத்தில கை எப்பிடி இருந்தது?"

வாசிகசாலைக் காரியதரிசி இளையதம்பி தலையைச் சொறிந்தார். "கையோ? ஆர் பாத்தது!"

"முகத்தைப் பாத்துச் சிரிச்சனான். கை ஞாபகமில்லை" என்றான் மத்தேயு.

யோசெப் தயங்கவில்லை. "விரிச்ச கை, ஐயா. தண்ணியை வெட்டுற கை. நல்லாக் கீறியிருந்தவா."

12.40. கமலாசனி கொப்பியுடன் வந்தார். எல்லாரும் பார்க்க கனகலிங்கம் அதை விரித்தார். கை விரிந்திருக்கவில்லை. விரல்கள் இறுகப் பொத்தியிருந்தன. அவர் யோசெப் பக்கம் திரும்பினார்.

"முகத்தில தெறிச்சது கண்துடைப்பு. கையிலதான் மூண்டுதரம் பூசியிருக்கு. பொத்தின கையால ஆர் நீந்துவினம்? இது வள்ளத்துக் கயித்தைப் பிடிச்ச கை. மத்தேயுவுக்கு இது விளங்கியிருந்தா மறைச்சிருப்பானோ? ஊரைக் கூட்டிக் காட்டியிருப்பான். ஒருத்தரும் கவனியாத கையை நீர் ஒராள்தான் கவனிச்சீர், யோசெப். கவனிச்சும் பொய் சொன்னீர்."

கமலாசனி கொப்பியைக் கையில் எடுத்துத் திரும்பப் பார்த்தார். "நான் குளத்தில முழங்காலுக்கு மேல இறங்கினதில்லை, ஐயா. நீந்திறவை அப்பிடித்தான் கையைப் பொத்துவினம் எண்டு நினைச்சிட்டன்."

யோசெப் கதிரையில் உட்கார்ந்தான். "நடு ஆத்தில கால் விறைச்சுப் போச்சுது. கயித்தைப் பிடிக்காட்டிச் செத்திருப்பன். வள்ளத்தில ஆரும் காணேல்லை, அது என்னை இழுத்துக்கொண்டு போச்சுது."

"கயித்தைப் பிடிச்சதில பிழையில்லை" என்றார் கனகலிங்கம். "பிடிச்சிட்டுக் கிண்ணத்தை வாங்கினதுதான் பிழை. பிறகு மத்தேயுவின்ர தலையில தார்ப் பழியைக் கட்டினது அதைவிடப் பெரிய பிழை."

மத்தேயு எழுந்துபோய்ப் படத்தின் முன் நின்றான். ஒரு முறை அவனும் நடு ஆற்றில் கால் விறைத்துத் தவித்தவன். தாருக்கிடையில் தெரிந்த அந்தப் பச்சை முகத்தைப் பார்த்து இம்முறை அவன் சிரிக்கவில்லை.