மூன்றாவது வெண்ணெய்

மார்னி முதலில் பார்த்தது அவன் கண்களை அல்ல... உள்ளங்கால்களை.

கூனாம்பிள் ஊரை மறந்தே போயிருந்த மழை அன்று காலைதான் ஞாபகம் வந்து கொட்டியது. தன் விடுதியின் நான்காம் அறைக்குச் சிற்றுண்டித் தட்டோடு வந்தாள் மார்னி. வெளிச்சுவரில் இருக்கும் குட்டிக் கதவைத் திறந்து, தட்டை உள்ளே தள்ளிவிட்டுப் போக வேண்டியதுதான். அந்தப் பொந்தில் ஏற்கெனவே ஓர் ஆள் இருந்தான். தலையும் ஒரு தோளும் அறைக்குள். மண்டியிட்டிருந்த மீதி உடம்பெல்லாம் மழையில், ஒரு துண்டோடு.

டங்கன், சிட்னியிலிருந்து வந்த பூட்டு வியாபாரி. விடுதிக்காரியை அசத்துவதற்காக, தானாகப் பூட்டிக்கொள்ளும் தன் கம்பெனிப் பூட்டை முந்தின மாலையே தன் அறைக் கதவில் பொருத்தியிருந்தான். விடிந்ததும் மழைச் சத்தம் கேட்டு, வெளியே காயப்போட்ட ஒரே நல்ல சட்டையை எடுக்க ஓடினான். பூட்டு தன் கடமையைச் செய்தது. சாவி உள்ளே. ஆபீஸில் போய்க் கேட்கலாம். ஆனால் வழியில் ஆட்டு ரோமம் கத்திரிக்கிறவர்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மானம் என்று ஒன்று இருக்கிறதே... அதைக் காப்பாற்றத்தான் பொந்துக்குள் தலையை விட்டான்.

"முட்டையை எங்க வைக்கட்டும்?" என்றாள் மார்னி.

"அங்கயே வச்சிட்டுப் போயிடுங்க," என்றது அறைக்குள்ளிருந்து ஒரு குரல்.

"வைக்கிற இடத்துலதான் நீங்க இருக்கீங்களே."

கத்திரிக்காரர்கள் கோப்பையோடு வந்து நின்றார்கள். "மார்னி, முதல்ல முட்டைய கவனி. அவரு எங்கயும் போயிட மாட்டாரு," என்றார் ஒருவர்.

சாக முடிந்தால் டங்கன் அங்கேயே செத்திருப்பான். அதற்கும் இடம் போதாது.

தட்டிலிருந்த வெண்ணெய்ப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து அவன் தோளில் தடவினாள் மார்னி. "ரொட்டிக்குத் தடவுற வெஜிமைட்டும் இருக்கு. ஆனா அது ஒட்டிக்கும்... எப்படி வெளிய மாட்டுனீங்க?"

"உங்க... உங்க பழைய கதவுதான். தாழ்ப்பாள் தானா விழுந்துடுச்சு."

அவள் கை ஒரு கணம் நின்றது. இரண்டாவது பொட்டலத்தைப் பிரித்தாள். "எல்லாக் கதவும் அப்பா மாட்டினது. இந்த மழைய அவரு பார்த்திருந்தா நடுரோட்டுல ஆடியிருப்பாரு... போன வருஷம்தான் போயிட்டாரு."

சுவருக்குள் இருந்த அவன் முகம் காதுவரை சுட்டது. இறந்த மனிதர் மேல் பழி போட்டாகிவிட்டது... துண்டோடு.

மூன்றாவது வெண்ணெய்க்குப் பிறகு வெளியே வந்தான். எதிரே மார்னியின் மழைத்துளி தொங்கும் இமைகள், தைல மர இலையின் நிறத்தில் கண்கள்... அவனால் அவற்றை நேராகப் பார்க்க முடியவில்லை.

ஆபீஸில் உட்கார்ந்தார்கள். அவனுக்கு மேலே நனைந்த சட்டை, கீழே துண்டு. முந்தின நாள் அவன் கொடுத்திருந்த ஆர்டர் படிவத்தை விரித்து, மார்னி பேனாவை எடுத்தாள். "அப்பா கதவெல்லாம் கழட்டிடலாம். எல்லா ரூமுக்கும் புதுக் கதவு, உங்க பூட்டு. எங்க கையெழுத்து போடணும்?"

அவன் வாழ்க்கையின் மிகப் பெரிய வியாபாரம். இடத்தைக் காட்ட விரல் நீண்டது... பாதியில் நின்றது.

"போடாதீங்க. நான் பொய் சொன்னேன். கதவு மேல தப்பில்ல. என் பூட்டுதான் பூட்டிக்கிச்சு. சாவிய உள்ள விட்டது நான்."

"தெரியும். அந்தத் தாழ்ப்பாள் ரெண்டு வருஷமா விழறதே இல்ல." பேனாவை மூடினாள். "எப்ப சொல்லுவீங்கன்னுதான் பார்த்தேன். சொல்லாம இருந்திருந்தா இதே துண்டோட சிட்னிக்கு அனுப்பியிருப்பேன்."

அவன் எழுந்தான். துண்டைப் பிடித்துக்கொண்டான். இவ்வளவு கேவலப்பட்டாகிவிட்டது... மிச்சத்தை மட்டும் ஏன் வைத்திருக்க வேண்டும்?

"இன்னொண்ணும் இருக்கு... முதல் வெண்ணெயிலயே நான் கழண்டுட்டேன். நீங்க பேசிட்டிருந்தீங்க... போயிடுவீங்களோன்னு மாட்டின மாதிரியே இருந்தேன்."

வெளியே கத்திரிக்காரர்களின் சிரிப்பு. மார்னி தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். முட்டை ஆறியிருந்தது. அவள் கன்னம் மட்டும் சூடாகச் சிவந்திருந்தது.

"அதுவும் தெரியும்," என்றாள் தட்டைப் பார்த்தபடி. "தெரிஞ்சுதான் மூணாவது பொட்டலத்தயும் பிரிச்சேன்."