தாழிக் கூடம்

வாசலில் சீட்டுக் கிழித்துக் கொடுக்கும் பெரியவர் தங்கவேலைக் கண்டதும் நாற்காலியை விட்டு எழுந்தார். "வா நைனா. ஒருவழியா இட்டுகினு வந்துட்டியா?" என்றார்.

வடிவு புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். செம்பரம்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் இப்படியொரு அருங்காட்சியகம் இருப்பதே நேற்று யாரோ சொல்லித்தான் தெரியும், நானும் பார்த்ததில்லை, ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் போலாம் என்று கூப்பிட்டவன் அவன்தான்.

"அவருக்கு உன்னை எப்டித் தெரியும்?"

"வேற யாரோன்னு நெனச்சிகினு பேசறாரு. நீ வா."

சட்டையில் பக்தவத்சலம் என்று பெயர் குத்தியிருந்த அந்தப் பெரியவர் வடிவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் உயரத்தைப் பார்த்தார். தோளின் அகலத்தைப் பார்த்தார். மாடிப்படி வழியாக பீரோ ஏறுமா என்று கணக்குப் போடுகிறவர் பார்ப்பதைப் போல.

அவளுக்கு அது உறுத்தியது. ஆனாலும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பதினாலு வருஷத்தில் ஆவடியில் இருக்கும் அம்மா வீட்டைத் தவிர அவளை எங்கேயும் கூட்டிப் போகாத மனுஷன் இந்த ரெண்டு மாதமாகத்தான் மாறியிருக்கிறான். அந்த மாற்றத்தை ஒரு கேள்வி கேட்டுக் கெடுத்துக்கொள்ள அவளுக்கு மனமில்லை.

தங்கவேல் ஜேசிபி ஓட்டுகிறவன். ஏரிக்கு மேற்கே குடோன் கட்ட அஸ்திவாரம் தோண்டும்போது செத்தவரை வைத்துப் புதைத்த பழங்காலத்துப் பெரிய தாழி ஒன்று பக்கெட்டில் இடறியது. உள்ளே என்ன இருந்தது என்று அன்றைக்கு அவள் கேட்டாள். "ஒண்ணும் இல்ல, மண்ணு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். மறுநாளிலிருந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தான். குழம்புக்கு உப்பை ஏன் கடைசியில் போடுகிறாய்? முட்டிக்குக் கீழே அந்தத் தழும்பு எப்படி வந்தது? தூக்கத்தில் சிரிக்கிறாயே, என்ன கனவு? வடிவு உருகிப்போனாள். சென்னீர்குப்பம் குடோனில் நாளெல்லாம் அட்டைப்பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிவிட்டு, அந்தக் கேள்விகளுக்காகவே சாயங்காலம் வேகவேகமாக வீடு திரும்பினாள். கேட்டதெல்லாம் சொன்னாள். கேட்காததையும் சொன்னாள்.

கீழ்த்தளம் அவளுக்குப் பிடித்திருந்தது. வண்ணம் உதிர்ந்த மரக்குதிரை வாகனம், விளக்கொளியில் கருஞ்சிவப்பாகத் தெரிந்த தோல்பாவைகள், வாளோடு செத்துப்போன எவனோ ஒருவனின் நடுகல். ஒரு மூலையில் அம்மியும் குழவியும் இருந்தன.

"இதைப் போய் காட்சிக்கு வெச்சிகீறாங்களே! இதுல நானே மசாலா அரைச்சிருக்கேன் மாமா" என்று சிரித்தாள்.

அவன் சிரிக்கவில்லை. மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மழை பிடித்துக்கொண்டது. குழந்தைகளோடு வந்திருந்த ஒரே குடும்பமும் கிளம்பியது. அவர்களுடைய செருப்புச் சத்தம் வாசல்வரை போய் அடங்கியதும், தகரக் கூரையில் கொட்டும் மழையைத் தவிர அந்தக் கட்டடத்தில் வேறு சத்தமே இல்லை.

"மேல தாழிக் கூடம் கீது. நான் தோண்டி எடுத்ததும் அங்கதான். வா, காட்றேன்."

முதல்முறை வருகிறவனுக்கு மேலே என்ன இருக்கிறதென்று எப்படித் தெரியும் என்ற நினைப்பு பாதிப் படியில்தான் அவளுக்கு வந்தது. அதற்குள் அவன் கை அவள் முதுகில் பதிந்திருந்தது.

நீளமான கூடம், ஒரே ஒரு கம்பி ஜன்னல், மழை இருட்டில் எரிந்தும் எரியாமலும் துடித்துக்கொண்டிருந்த ஒற்றைக் குழல்விளக்கு, ஆறேழு உடைந்த தாழிகள், அவற்றுக்கு நடுவே உடையாத ஒன்று அவள் மார்பு உயரத்துக்கு, மூடிபோட்டு, ஆயிரக்கணக்கான வருஷம் மண்ணுக்குள் கிடந்ததாகச் சொல்லப்படும் அந்தத் தாழியின் வயிற்றில் மட்டும் இன்றைக்கு வனைந்ததுபோல ஈரம் கசிந்துகொண்டிருக்க, கிணற்றடிச் சேற்று வாடை கூடம் முழுவதும் நிறைந்திருந்தது.

பக்கத்தில் கண்ணாடிப் பெட்டி. செத்தவரோடு புதைத்த பொருட்கள் என்று மேலே எழுதியிருந்தது. கறுப்பு சிவப்புக் கிண்ணங்கள். துருவேறிய கத்தி. பாசிமணிகள்.

ஒரு நீலச் சீப்பு.

அவள் குனிந்தாள். ரெண்டு பல் போன அவளுடைய பிளாஸ்டிக் சீப்பு. அதற்குப் பக்கத்தில் ஆடி மாதம் தொலைந்த அவள் மெட்டி. கொடியிலிருந்து காற்றில் பறந்துவிட்டதென்று நினைத்த அவள் மஞ்சள் ரவிக்கை. விரலில் சுற்றி முடிந்த கொஞ்சம் தலைமுடி. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு சின்ன அட்டை.

'வலது கால். கொஞ்சம் லூசு.'

'இடது கையால் சீவுவாள்.'

தங்கவேலின் கையெழுத்து.

"மாமா... இன்னா இது?"

அவன் கதவருகே நின்றிருந்தான். கண் கலங்கியிருந்தது. "உன் மேல ஒரு கொறையும் இல்ல வடிவு. சத்தியமா இல்ல."

"அப்புறம் இன்னாத்துக்குய்யா?"

"அவ ரொம்ப காலமா உள்ளயே கீறா. இருட்டுல. என்னைக் கூப்ட்டா. எனக்குத்தான் கேட்டுது."

"யாரு? யாருய்யா அவ?"

அவன் வெளியே போய்க் கதவைச் சாத்தினான். வெளித் தாழ்ப்பாள் விழுந்தது.

அவள் கதவை அறைந்தாள். பேர் சொல்லிக் கத்தினாள். பதினாலு வருஷத்தில் ஒருநாளும் சொல்லாத பேர்.

குழல்விளக்கு அணைந்தது.

பின்னால் ஒரு குரல்.

"உப்பு... கடைசியாத்தான் போடணும்."

அது அவள் குரல். பாடம் ஒப்பிக்கும் பிள்ளையைப் போல, தாழிக்குள்ளிருந்து.

"மாடு முட்டினது. முட்டிக்குக் கீழ. ஏழு வயசுல. இல்ல... எட்டு. எட்டு வயசுல."

அப்படித்தான் சொல்லியிருந்தாள். முதலில் ஏழு என்று சொல்லி, பிறகு திருத்தி. அவன் மடியில் தலை வைத்துக்கொண்டு.

மூடி நகர்ந்தது. ஓட்டில் ஓடு தேயும் சத்தம்.

வடிவு சுவரோடு ஒட்டிக்கொண்டாள். மூச்சை அடக்கினாள். ஈரக் காலடி ஒன்று. இன்னொன்று. வலது காலை லேசாக இழுத்து. மாடு முட்டின நாளிலிருந்து அவள் நடக்கும் அதே நடை. முகத்தருகே சேற்றுக் குளிர்ச்சி வந்து நின்றது. மோந்து பார்த்தது. நகர்ந்தது.

ஈரக் காலடி கதவுப் பக்கம் போனது. வெளியிலிருந்து தாழ்ப்பாள் திறந்தது. ஓடினாள். கதவைத் தொடுவதற்குள் மறுபடி விழுந்தது.

ஜன்னல். கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள்.

மழையில் தங்கவேல் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தான். பின்சீட்டில் ஒருத்தி. தலைமுதல் கால்வரை களிமண். நனையாமலிருக்கப் பக்தவத்சலம் குடை பிடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா!"

அவன் நிமிரவில்லை. பின்சீட்டில் இருந்தவள் நிமிர்ந்தாள். முகம் இல்லை. வழவழவென்று மண் மட்டும்.

தங்கவேல் கைக்குட்டையை எடுத்தான். குழந்தைக்கு வாய் துடைப்பவனைப் போல அத்தனை பதமாக, அந்த நெற்றியைத் துடைத்தான். வடிவின் நெற்றி வந்தது. கன்னத்தைத் துடைத்தான். வடிவின் கன்னம். வலது கண்.

"கெட்டியா புடிச்சிக்கோ வடிவு" என்றான்.

ரெண்டு மண் கைகள் அவன் இடுப்பைச் சுற்றிக்கொண்டன. வண்டி நகர்ந்தது. பாதி துடைத்த அந்த முகம் மட்டும் பின்னால் திரும்பி, வண்டி ஏரிக்கரை வளைவில் மறைகிறவரை, அந்த ஒற்றைக் கண்ணால் ஜன்னலையே பார்த்துக்கொண்டு போனது.