இடது பக்கத்து மூச்சு

முதல் பாட்டு முடிந்து இரண்டாவது தொடங்குவதற்கு முன், ஊசி ரெக்கார்டின் வெறும் பள்ளத்தில் ஓடிக்கொண்டிருந்த அந்தச் சில நொடிகளில், இடது பக்க ஸ்பீக்கரில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

தூங்குகிறவர் விடும் மூச்சு இல்லை. ஏதோ சொல்ல வாயெடுப்பவர் இழுக்கிற மூச்சு. உதடுகள் பிரிகிற சின்ன ஈரச் சத்தம், பின்னாலேயே காற்று உள்ளே போகிற சத்தம். பேச்சு மட்டும் வரவில்லை. அதற்குள் இரண்டாவது பாட்டு வந்துவிட்டது.

அவனுக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. எப்படி வராமல் இருக்கும்? இரண்டு மாதமாக ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் இந்த அறையில்தான் கிடந்தான். பழையதாக வாங்கி வந்த ஸ்பீக்கர் பெட்டிகளின் மரத்தை இழைத்து மெருகேற்றினான். உள்ளே இருந்த காகிதக் கோனின் ஓரத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்துபோயிருந்த நுரை வளையத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டினான். ஆம்ப்ளிஃபயரின் வயிற்றைத் திறந்து காய்ந்துபோன கெப்பாசிட்டர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் புதியதைப் பற்றவைத்தான். ஈயப் புகை மூக்கில் ஏறி, சாப்பாட்டிலேயே அந்த வாசனை அடித்தது. எல்லாம் முடித்து, ஆம்ப்ளிஃபயரின் கண்ணாடி வால்வுகள் மெல்ல ஆரஞ்சு நிறத்தில் கனிய, முதல் ரெக்கார்டைப் போட்டு நாற்காலியில் சாய்ந்தால், இந்த மூச்சு.

"என்னங்க, என் தங்கச்சி குடும்பம் ஞாயித்துக்கிழமை வருது. இந்தப் பிணவறையைக் காலி பண்ணுவீங்களா, மாட்டீங்களா?" மனைவி கதவருகே நின்று கேட்டாள். செத்த ரேடியோக்களும் ஆம்ப்ளிஃபயர்களும் அடுக்கிக் கிடக்கும் இந்த அறைக்கு அவள் வைத்த பெயர் அது.

அவன் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சுவத்துக்கிட்ட பேசினா அதாவது எதிரொலிக்கும். ஒரு 'உம்' கொட்டினா வாயில இருக்குற முத்தா உதிர்ந்துடும்?" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுடைய பழைய குறை அது. ஊரார் காதையெல்லாம் பரிசோதிக்கிறவன், வீட்டில் யார் பேசினாலும் கேட்கமாட்டான்.

பழுது கண்டுபிடிக்க அவனிடம் ஒரு வழி உண்டு. இந்தப் பாட்டுப்பெட்டிப் பைத்தியம் பிடித்த எல்லோரிடமும் உண்டு. இடத்தை மாற்றிப் பார். பழுதும் கூடவே போனால், மாற்றிய பொருளில் பழுது. போகாமல் நின்றால், அந்தப் பொருள் சுத்தம். அவன் வயர்களை இடம் மாற்றினான். மூச்சு இடதிலேயே நின்றது. ஸ்பீக்கர் பெட்டிகளையே தூக்கி இடம் மாற்றினான். முதுகு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். வால்வுகளை மாற்றிச் செருகினான், வேறு ரெக்கார்டு போட்டான். அப்போதும் இடது பக்கம்தான். மண்டை காய்ந்தது.

கடைசியாக, கோபத்தில், ஸ்பீக்கர்களுக்கு முதுகு காட்டி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். இப்போது அவன் இடது பக்கம் இருந்தது வலது ஸ்பீக்கர். பாட்டு முடிந்தது. ஊசி வெறும் பள்ளத்தில் இறங்கியது.

இடது பக்கம். மூச்சு.

அவன் எழுந்து போய் பிளக்கைப் பிடுங்கினான். வால்வுகள் மங்கி, சூடான உலோகம் குளிரும்போது வருகிற டிக் டிக் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. ஜன்னலுக்கு வெளியே மாலை வெயில். யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

உதடுகள் பிரிந்தன. காற்று உள்ளே போனது.

பழுது அவனிடம் இருந்தது.

அதன் பிறகுதான் பயம் வந்தது. அந்தக் காதுகள்தான் அவனுக்குச் சோறு. காதில் கோளாறுள்ளவனை எந்த ஆஸ்பத்திரி காது பரிசோதகனாக வைத்துக்கொள்ளும்? மறுநாள் மதிய இடைவேளையில் உடன் வேலை செய்கிற பெண்ணிடம், "மெஷினைச் சரிபாக்கணும், எனக்கு ஒரு டெஸ்ட் எடுங்க" என்று பொய் சொல்லிவிட்டு, தினமும் நோயாளிகளை உட்காரவைக்கும் ஒலிபுகா அறைக்குள் அவனே போய் உட்கார்ந்தான். கனத்த கதவு மூடிக்கொண்டது. சுவரெல்லாம் பஞ்சு. வெளியுலகம் துடைத்தெடுத்தாற்போல் போய்விட்டது. சத்தம் கேட்டால் அழுத்த வேண்டிய பொத்தான் கையில் வழுக்கியது. அவனுடைய இதயத் துடிப்பு அவனுக்கே கேட்டது. எச்சில் விழுங்கியது கேட்டது. அதற்கும் பின்னால், பஞ்சுச் சுவர்களுக்கெல்லாம் உள்ளே, அவனுக்கும் காதில் மாட்டிய கருவிக்கும் நடுவே, யாரோ உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார்கள்.

மூச்சு.

அழுத்தினான்.

மூச்சு.

அழுத்தினான். இவ்வளவு பக்கத்தில் அது வந்ததே இல்லை. காது மடலில் இளஞ்சூடு பட்டது. என்ன சொல்ல வருகிறாய்? சொல்லேன். மூச்சு. சொல்ல வந்ததை முழுங்கினாற்போல் ஒரு நிறுத்தம். மறுபடி மூச்சு.

"சொல்லித் தொலையேன்!" என்று கத்திவிட்டான்.

கதவு திறந்தது. "சார், யார்கிட்ட பேசுறீங்க?" அந்தப் பெண்ணின் முகம் வெளிறியிருந்தது. "நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. நீங்க பாட்டுக்கு பட்டனை அழுத்திட்டே இருக்கீங்க."

சமாளித்து டெஸ்டை எடுத்து முடித்தார்கள். காதின் திறனைக் காட்டும் வரைபடம் நேர்கோடு போல வந்தது. பச்சைக் குழந்தைக்குக்கூட இவ்வளவு நல்ல காது இருக்காது. அதைப் பார்த்து அவனுக்கு அழுகையே வந்தது. ஒரு கோளாறு என்றால் கோளாறாக இருந்து தொலையக்கூடாதா?

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் உட்கார்ந்தபடி, ஸ்பீக்கரை விற்ற பெண்ணுக்குப் போன் செய்தான். அவளுடைய மாமனாரின் ஸ்பீக்கர்கள் அவை. வாங்கப் போன அன்று அந்தப் பெரியவர் இடது ஸ்பீக்கரை ஒட்டிப் போட்ட நாற்காலியில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். ஆம்ப்ளிஃபயர் ஓடவில்லை. வயர்கூட மாட்டவில்லை. அவர் பாட்டுக்கு, கதை கேட்கிற குழந்தை போல "ம்... ம்..." என்று கொட்டிக்கொண்டிருந்தார். "மாமா அப்படித்தாங்க. நீங்க பாருங்க" என்றாள் மருமகள். அவனும் பழைய ஸ்பீக்கர் வாங்குகிற எவரும் செய்வதைச் செய்தான். கோனை விரல் நுனிகளால் மெல்ல அழுத்தி, உள்ளே உரசல் கேட்கிறதா என்று காதை ஒட்டிவைத்துக் கேட்டான். அவனுக்கு வாகான காது, இடது காது. உரசல் இல்லை. நிமிர்ந்தபோது பெரியவர் உம் கொட்டுவதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரைப் பிரிகிற வருத்தம் என்று நினைத்துக்கொண்டான்.

"அந்த ஸ்பீக்கர்ல முன்னாடி ஏதாவது கோளாறு இருந்துச்சுங்களா?" என்று கேட்டான்.

"கோளாறா? அதெல்லாம் தெரியலைங்க. ஆனா நீங்க தூக்கிட்டுப் போனதுலேர்ந்து மாமா நல்லா ஆயிட்டாரு. பேசுறாரு, நடக்குறாரு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணே ஒண்ணுதான். பாதியிலேயே நின்னு போச்சேன்னு அப்பப்ப அழுவாரு. எது நின்னு போச்சுன்னா சொல்லமாட்டேங்கிறாரு. அவர் அப்படித்தாங்க. எங்க அத்தை போன வருஷம் தவறினாங்கல்ல, அதுக்கு முன்னாடி ஒரு வாரம் அவங்க முகத்தையே பாத்துப் பாத்து அழுதாரு. அத்தை நல்லா திடமாத்தான் இருந்தாங்க. அவங்களுக்குப் பிடிச்சதா தேடித் தேடி வாங்கிட்டு வந்து குடுத்தாரு. என்ன மாமான்னு கேட்டா, 'சொல்லமாட்டேன்னு ஒத்துக்கிட்டேன்'னாரு."

"சரிங்க" என்று போனை வைத்தான். ஸ்பீக்கரில் கோளாறு உண்டா இல்லையா என்று கேட்டால் ஊர்க்கதை சொல்கிறாள். இடது காதில் யாரோ வாயெடுத்தார்கள். அவன் காதை ஜன்னல் கம்பியில் வைத்து அழுத்திக்கொண்டான்.

இன்னும் ஒரு வழி மிச்சமிருந்தது. சில பேருக்குக் காதுக்குள் வருகிற சத்தம் வெளியே இருப்பவர்களுக்கும் கேட்கும், லட்சத்தில் ஒருவருக்கு. இன்னொருவர் காதில் கேட்டால் அது நிஜம். கேட்காவிட்டால் பைத்தியம். எதுவாக இருந்தாலும் தெரிந்துவிட வேண்டும்.

மனைவி அந்த அறையில்தான் இருந்தாள். நாற்காலியின் மேல் துணி மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு அறையை அவளே ஒழிக்கத் தொடங்கிவிட்டாள். அவன் பிளக்கைச் செருகி, ஆம்ப்ளிஃபயரைப் போட்டு, ரெக்கார்டைச் சன்னமாக ஓடவிட்டான்.

"வந்ததும் வராததுமா ஆரம்பிச்சாச்சா?"

"ஒரு நிமிஷம் உக்காரு. என் காதுல உன் காதை வச்சுப் பாரு. ஏதாவது கேக்குதான்னு சொல்லு."

"உங்க காதுல எனக்கு என்ன கேக்கப் போகுது? உங்களுக்கே ஒண்ணும் கேக்காது."

"தயவுசெஞ்சு."

அவன் குரலில் என்ன கண்டாளோ, துணிகளைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். அவன் பக்கத்தில் மண்டியிட்டு இடது காதைக் காட்டினான். சிரித்துக்கொண்டே தன் இடது காதை அதில் ஒட்டினாள். அவள் கூந்தலில் சோப்பு வாசனை. அவன் மூச்சை அடக்கிக்கொண்டான். உதடுகள் பிரிந்தன. காற்று உள்ளே போனது.

"ம்?" என்றாள் அவள்.

அவ்வளவுதான். காது அடைப்பு விட்டாற்போல் அவன் தலைக்குள் ஏதோ திறந்துகொண்டது. பாட்டு வந்தது. இடதும் வலதுமாக அறை முழுக்க விரிந்து, ஒவ்வொரு கருவியும் தன் தன் இடத்தில் நின்று வாசிக்க, இரண்டு மாதமாக எதற்காக உயிரைவிட்டானோ அந்தப் பாட்டு. பாட்டு முடிந்து ஊசி வெறும் பள்ளத்தில் இறங்கியது. சுத்தமான அமைதி. ஒரு மூச்சும் இல்லை. சந்தோஷத்தில் அவன் சிரித்தான்.

"போயிடுச்சு! உனக்குக் கேட்டுச்சா?"

அவன் தலையை விலக்கிய பிறகும் அவள் தலை இடப்பக்கமாகச் சாய்ந்தேதான் இருந்தது.

"ம்" என்றாள்.

"என்ன ம்?"

"ம்... ம்..."

அவனிடம் சொல்லவில்லை. கண்கள் எங்கேயோ நிலைகுத்தியிருந்தன. அவன் அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். பேர் சொல்லிக் கூப்பிட்டான். தன் காதை அவள் காதோடு சேர்த்து அழுத்தினான். மாற்றிப் பார், மாற்றிப் பார். ஒன்றுமில்லை. வெறும் காது. அதன் வெதுவெதுப்பு. குறுக்கே பேசுகிறவரை அடக்குவதுபோல் அவள் அவன் வாயைக் கையால் பொத்தினாள்.

"ம்... அப்புறம்?"

வால்வுகள் எரிந்துகொண்டிருந்தன. ஊசி ஓடிக்கொண்டிருந்தது.

"இவரா?"

அவள் கண்கள் மெல்லத் திரும்பி அவன் மேல் நின்றன.

"எப்போ?"

பாட்டு தொடங்கியது. அவனுக்கு ஒவ்வொரு இழையும் துல்லியமாகக் கேட்டது. அவளுக்குச் சொல்லப்பட்டது மட்டும் கேட்கவில்லை.

"சரி" என்றாள் அவள். குரல் உடைந்திருந்தது. "நான் சொல்லமாட்டேன்."

கையை அவன் வாயிலிருந்து எடுத்து, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள். இத்தனை பரிவாக அவள் அவனைத் தொட்டு வருடங்களாகியிருந்தன. அவள் கண்கள் நிறைந்து வழிந்தன.

"இந்த ரூமைக் காலி பண்ண வேணாம், இருக்கட்டும்" என்றாள். "உங்களுக்கு என்ன சாப்பிடணும்போல இருக்கு, சொல்லுங்க. அதையே பண்றேன்."

பிறகு தலையை இடப்பக்கம் சாய்த்துக்கொண்டு, அவன் முகத்தைப் பார்த்தபடியே, "ம்" என்றாள்.